குடத்தில் ஊறிய விலை

மாசி மாதம் பதினேழாம் தேதி பகல் பதினொன்றரை மணிக்கு, செவ்வூரணி கடைத்தெருவில் தவசிலிங்கத்தின் பாத்திரக் கடையில் இருந்தவர்கள் ஆறு பேர். கல்லாவில் கடைக்காரர் தவசிலிங்கம். அலமாரிக்கும் கல்லாவுக்கும் நடுவே ஒன்பது வருடமாக நடந்துகொண்டிருக்கும் விற்பனைப் பெண் தங்கபுஷ்பம். வாசலோரம் முக்காலி போட்டு, விற்ற பாத்திரங்களில் பெயர் வெட்டிக் கொடுக்கும் காதர் மைதீன். மதுரை டீலரிடமிருந்து மாதம் ஒருமுறை ஆர்டர் எடுக்க வரும் ஜெகதீசன். வெயிலுக்கு ஒதுங்கி நின்ற தண்ணீர் வண்டிக்காரர் சோலையப்பன். ஸ்டீல் குடம் வாங்க வந்த கரிமூட்டக்காரி இருளாயி. வாசலில் ஒரு ஆடும் நின்றது; அது எதையும் வாங்கவில்லை, விற்கவும் இல்லை என்பதால் சேர்த்து எண்ண வேண்டியதில்லை.

குடத்தில் ஒட்டியிருந்த சீட்டில் ஆயிரத்து நானூற்று ஐம்பது என்று இருந்தது. அந்த விலையை அந்தக் கடைத்தெருவில் யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை. சீட்டு விலை கொடுப்பதற்காக எழுதியதல்ல, குறைப்பதற்காக எழுதியது என்பது கடைக்காரர்களுக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும். இருளாயி எண்ணூறு என்று தொடங்கினாள். தவசிலிங்கம் ஆயிரத்து இருநூறு என்றார். அவள் எழுந்து படி வரை போனாள், அவர் கூப்பிட்டார், அவள் திரும்பி வந்தாள். கடைசியில் அவர் குடத்தைத் தட்டி, முப்பத்தொரு வருடமாகச் சொல்லி வரும் வாக்கியத்தைச் சொன்னார்.

"ஆயிரத்து நூறு. வாங்குன விலை தாயி. ஒத்த ரூபா எனக்கு இதுல நிக்காது."

"சத்தியமா?"

"கடையில ஒக்காந்து பொய் சொல்லுவனா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணி வைத்தாள். பணம் அவர் கைக்குப் போன அந்த நொடியில் குடத்துக்குள் தண்ணீர் ஊறியது. மேலேயிருந்து விழவில்லை, பக்கத்திலிருந்து வழியவில்லை; தோண்டிய மணலில் ஊற்று கசிவதுபோல அடியிலிருந்து கசிந்து நாலு விரல் உயரம் ஏறி நின்றது. செவ்வூரணியில் மழை பெய்து பதினான்கு மாதமாகியிருந்தது. ஊரணி வெடித்துக் கிடந்தது. ஊரில் ஒரு குடம் தண்ணீர் பன்னிரண்டு ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது.

இருளாயி கையை விட்டு அள்ளிக் குடித்துப் பார்த்தாள். "நல்ல தண்ணி" என்றாள். சோலையப்பன் எட்டிப் பார்த்து, "இனிமே குடத்தோட தண்ணியும் குடுத்தா எம் பொழப்பு என்னாகுறது அண்ணாச்சி?" என்றார். காதர் மைதீன், பெயர் வெட்டக் குடத்தைக் கவிழ்க்க வேண்டும், தண்ணீரை எதிலாவது ஊற்றுங்கள் என்றார். தங்கபுஷ்பம் விற்பனை டம்ளர் ஒன்றை எடுத்து அளந்து ஊற்றினாள். எட்டு டம்ளர் இருந்தது. பெயர் வெட்டி முடிந்ததும் எட்டையும் திரும்ப ஊற்றிக்கொண்டு இருளாயி போனாள். ஜெகதீசன் இரண்டு டஜன் குக்கருக்கு ஆர்டர் எழுதிக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்று மாலைக்குள் கடைத்தெரு முழுவதும் ஊறத் தொடங்கியது. மளிகைக் கடையில் ஒரு கிலோ சர்க்கரை வாங்கினால் பொட்டலத்தில் ஒரு ஸ்பூன் ஈரம் இருந்தது. அரிசியில் அதைவிடச் சற்றுக் கூட. ஜவுளிக்கடையில் சேலைகள் சொட்டச் சொட்ட வெளியே வந்தன. வாங்கியவர்கள் கடை வாசலிலேயே கொடி கட்டி உலர்த்திவிட்டுப் போனார்கள், ஊரே கல்யாண வீடுபோலத் தெரிந்தது. பேன்சி ஸ்டோரில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு கொண்டை கிளிப் வாங்கிய பெண்ணின் கை முழங்கை வரை நனைந்தது. நகைக்கடையில் ஒரு ஜோடித் தோடு வாங்கியவர், செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து ஊறியதைத் தூக்கிப் போக இரண்டு ஆள் வைத்தார். சோலையப்பனுக்குத்தான் பெரிய சங்கடம்: போர்வெல்காரரிடம் இரண்டு ரூபாய்க்கு வாங்கிப் பன்னிரண்டுக்கு விற்ற ஒவ்வொரு குடத்திலும் காசு கைமாறியதும் அரை டம்ளர் வழிந்தது. அவர் வண்டி போன வழியெல்லாம் புல் முளைத்தது, ஆடுகள் பின்னாலேயே போயின.

எந்தப் பொருளில் கடைக்காரருக்கு எவ்வளவு நிற்கிறது என்பது ஊருக்கு இப்படித்தான் தெரிய வந்தது. மளிகைக்காரர் பெரிய கடை, பெரிய தராசு வைத்துக்கொண்டு ஈரத்தில் பிழைக்கிறார் என்பதையும், மூலையில் ஒண்டியிருக்கும் பேன்சி ஸ்டோர்க்காரர் வெள்ளத்தில் பிழைக்கிறார் என்பதையும் பார்த்து முதலில் சிரித்தார்கள், பிறகு கோபப்பட்டார்கள், பிறகு பாத்திரம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆனால் பேன்சி ஸ்டோரில் ஒரு நாளைக்கு நாலு கிளிப் விற்பதே அதிகம் என்றும், மளிகைக் கடையில் நாலு மூட்டை சர்க்கரை போகிறது என்றும், ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாகச் சேர்ந்தால் அண்டா நிறையும் என்றும் சிலர் யோசித்துச் சொன்னார்கள். அதன் பிறகு சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

தவசிலிங்கம் மட்டும் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை, எண்ணிக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர் என்றாலும் எண்ணில் பிசகாதவர். கூச்சக்காரர், கூட்டத்தில் வாய் திறக்காதவர், கடையில் எத்தனை கரண்டி தொங்குகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடியவர். அவருக்குக் கணக்கு ஒட்டவில்லை. இருளாயிக்கு விற்ற குடம் மதுரை பில்லில் ஆயிரம் ரூபாய். அவருக்கு நின்றது நூறு. ஊறியது எட்டு டம்ளர். மறுநாள் விற்ற இட்லிக் கொப்பரை பில்லில் ஐந்நூறு, விற்றது அறுநூறு, நின்றது அதே நூறு, ஊறியதோ ஆறரை டம்ளர். ஒரே நூறு ரூபாய் ஒன்றில் எட்டாகவும் இன்னொன்றில் ஆறரையாகவும் எப்படி ஊறும்? டம்ளரை மாற்றிப் பார்த்தார். தங்கபுஷ்பம் தளும்ப ஊற்றுகிறாளோ என்று தானே ஊற்றிப் பார்த்தார். எட்டு எட்டாகவும் ஆறரை ஆறரையாகவும்தான் இருந்தது. தூக்கம் வராமல் புரண்டவருக்கு ஊற்று அதிசயமாகப் படவில்லை, இந்த ஒன்றரை டம்ளர்தான் அதிசயமாகப் பட்டது.

நாலாம் நாள் இருளாயி வந்தாள். உடம்பெல்லாம் கரித்தூள். கருவேலங்கட்டையை அடுக்கி, மண் பூசி, புகைய விட்டுக் கரியாக்கி மூட்டை கட்டுகிற பிழைப்பு அவளுடையது. கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"அண்ணாச்சி, எங் குடத்துல எட்டு டம்ளர் இருந்துச்சு."

தவசிலிங்கம் தொங்கிய கரண்டிகளை எண்ணத் தொடங்கினார்.

"ஒத்த ரூபா நிக்காதுன்னீக."

"வாடகை இருக்கு தாயி. கரண்டு இருக்கு. தங்கபுஷ்பத்துக்குச் சம்பளம் இருக்கு. லாரி வாடகை, பேங்கு வட்டி, நசுங்குனது, விக்காம ரெண்டு வருசம் தூங்குனது..."

"இருக்கட்டும். யாரு இல்லேன்னா? அதைச் சொல்லி வித்திருக்கலாம்ல? வாங்குன வெலைன்னு எதுக்குச் சொன்னீக?"

அவர் பதில் தேடினார். அப்படிச் சொல்லாத கடைக்காரர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை என்பதும், அதை நம்பி வாங்கியவர்களும் ஒருவரும் இல்லை என்பதும் ஒரு பதிலாகத் தோன்றின. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது நம்பி வாங்கிய ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் பாத்திரத்தை முகர்ந்து பார்த்து, உள்ளே கைவிட்டுப் பார்த்து, "காய விட்டுக் குடுங்க அண்ணாச்சி" என்று கேட்டார்கள். அவரும் கூச்சத்தில் விலையை இறக்கினார். பத்து டம்ளர் ஊறிய இடத்தில் நாலு, நாலு ஊறிய இடத்தில் இரண்டு. பழைய அலுமினியச் சட்டி ஒன்றை வாங்கிய விலைக்கும் கீழே தள்ளிவிட்டபோது சட்டி காய்ந்திருந்தது. ஆனால் அவர் கடைக்குள் மூலையில் இருந்த குடிதண்ணீர்ப் பானையில் மூன்று டம்ளர் குறைந்திருந்தது. அன்று மாலை காதர் மைதீன் தாகத்தோடு பானையைச் சாய்த்தார். "மொதலாளி, நட்டத்துக்கு நீங்க வித்தா நான் ஏன் காயணும்?" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை.

பங்குனி முதல் வாரத்தில் தங்கபுஷ்பத்துக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அவள் கேட்கவில்லை, தட்டுகளைத் துடைத்துக்கொண்டே பொதுவாகச் சொன்னாள்: "எல்லாருக்கும் காஞ்சு போய்க் குடுத்தா, எனக்கு எதுல ஊறும்?"

தவசிலிங்கம் முடிவு செய்தார். பங்குனி முடிய கடையை மைத்துனரிடம் ஒப்படைத்துவிடுவது. அவர் அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கப்போகிறார், அதில் நன்றாக ஊறுகிறதாம். அதற்கு முன் ஒன்று பாக்கி இருந்தது. இருளாயியின் மகள் வினோதினிக்குப் பங்குனி இருபத்தெட்டில் கல்யாணம். சீர்ப் பாத்திரம் இருபத்தொன்று. அதை, முப்பத்தொரு வருடமாகச் சொன்ன வார்த்தையை ஒரு தடவையாவது மெய்யாக்கி, வாங்கின விலைக்கே கொடுத்துவிட்டு மூடுவது என்று நினைத்தார். ஆள் விட்டு அவளை வரச் சொன்னார்.

பங்குனி இருபதாம் தேதி அவள் மகளோடு வந்தாள். ஜெகதீசனும் ஆர்டர் எடுக்க வந்திருந்தார். கடை மூடப்போகிற செய்தி பரவியிருந்ததால் வாசலில் கூட்டம் இருந்தது. இரண்டு குடம், ஒரு அண்டா, குக்கர், இட்லிக் கொப்பரை, சாம்பார் வாளி, பால் தூக்கு என்று இருபத்தொன்றையும் தங்கபுஷ்பம் வரிசையாக வைத்தாள். தவசிலிங்கம் மதுரை பில்லை எடுத்து, இதுவரை எந்தக் கடைக்காரரும் எந்த வாடிக்கையாளருக்கும் நீட்டாத அந்தக் காகிதத்தை, இருளாயியின் மகள் கையில் கொடுத்தார்.

"படிச்சுப் பாரும்மா. இருபத்தொண்ணும் சேர்த்து டீலர் விலை பதினஞ்சாயிரம். அதைக் குடுத்தாப் போதும். ஒரு சொட்டு ஊறுச்சுன்னா நான் மனுசன் இல்ல."

அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. வினோதினி கூட்டிப் பார்த்துத் தலையசைத்தாள். இருளாயி பதினைந்தாயிரத்தையும் எண்ணி அவர் கையில் வைத்தாள்.

இருபத்தொரு பாத்திரத்திலும் தண்ணீர் ஊறியது. அதிகமில்லை, அடி மறைய. ஆனால் ஒன்றுகூடத் தப்பவில்லை. தங்கபுஷ்பம் அளந்து திரும்ப ஊற்றினாள். நாற்பத்தைந்து டம்ளர்.

தவசிலிங்கம் கல்லாவைப் பிடித்துக்கொண்டார். பில்லைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது" என்றார். "ஆத்தா சத்தியமா எனக்குத் தெரியாது. இது எங்கேயிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது."

கூட்டத்தில் யாரோ, "பொய் பில்லு. பில்லையும் நனைச்சுட்டாருப்பா" என்றார்கள்.

ஜெகதீசன் தொண்டையைச் செருமினார். சொல்லலாமா கூடாதா என்று அவர் தயங்குவது தெரிந்தது. "அண்ணாச்சி, வருசக் கடைசியில நாங்க அனுப்புவோமே, அது?"

"எது?"

"நூத்துக்கு ஆறு. வருசம் பூரா எடுத்த சரக்குக்கு. சித்திரையில செக்கா வருமே."

"அது கம்பெனி குடுக்கிற இனாம்யா. புது வருசத்துக்கு."

"இனாம் இல்ல அண்ணாச்சி. பில்லுல விலையைத் தூக்கிப் போட்டு, பின்னாடி வழியா ஆறு திருப்பிக் குடுக்கிறது. நீங்க பில்லை யார்கிட்ட காட்டுனாலும் நெஜ விலை தெரியக் கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடே. எங்களுக்கும் மேலேயிருந்து அப்படித்தான் வரும். எங்க குடோன்ல பண்டல் இறங்குறப்போ பாருங்க, தரையெல்லாம் தண்ணி. கம்பெனிக்காரன் இடத்துல அவன் தண்ணி, எங்க இடத்துல எங்க தண்ணி. கைமாறுன இடத்துலேயே நின்னுடுது, அடுத்த ஊருக்கு வர்றதில்ல. அதனாலதான் உங்களுக்குச் சரக்கு காஞ்சு வருது."

தவசிலிங்கம் கண்ணை மூடினார். குடம் பில்லில் ஆயிரம், ஆறு போனால் தொள்ளாயிரத்து நாற்பது, ஆயிரத்து நூற்றுக்கு விற்றால் நின்றது நூற்றறுபது, எட்டு டம்ளர். கொப்பரை ஐந்நூறு, ஆறு போனால் நானூற்று எழுபது, அறுநூற்றுக்கு விற்றால் நூற்று முப்பது, ஆறரை டம்ளர். டம்ளருக்கு இருபது ரூபாய். ஒட்டியது. ஒன்றரை டம்ளர் போன இடம் தெரிந்தது. முப்பத்தொரு சித்திரையாக இனாம் என்று எண்ணி, கோவிலுக்குக் கொஞ்சமும் வீட்டுக்குக் கொஞ்சமுமாகச் செலவழித்தது, வருடம் முழுக்க ஒவ்வொரு சட்டியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிக் கிடந்த தண்ணீர்தான் என்று தெரிந்தது. தான் வேண்டுமென்று சொன்ன பொய் ஒன்று, தெரியாமல் சொன்ன பொய் ஒன்று, ஆக இரண்டு என்று எண்ணிக்கொண்டார்.

அவர் கல்லாவைத் திறந்து தொள்ளாயிரம் ரூபாய் எடுத்து இருளாயியிடம் திருப்பிக் கொடுத்தார். பணம் அவள் விரலில் பட்டதும் இருபத்தொரு பாத்திரமும் வற்றின. தங்கபுஷ்பம் ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துப் பார்த்தாள். துணி நனையவில்லை.

"இதுதான் தாயி வாங்குன விலை" என்றார் தவசிலிங்கம். "பதினாலாயிரத்து நூறு. இப்பத்தான் எனக்கே தெரியும். எடுத்துட்டுப் போ. வண்டி சொல்லியிருக்கேன்."

இருளாயி எடுக்கவில்லை. காய்ந்த பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதை எப்படி அண்ணாச்சி எடுத்துட்டுப் போறது?"

செவ்வூரணியில் சீர்ப் பாத்திரம் வெறும் வயிற்றோடு கடை வாசல் தாண்டக் கூடாது. ஒரு வாய்த் தண்ணீராவது உள்ளே இருக்க வேண்டும். அது பழைய வழக்கம். ஊற்று வந்த இந்த முப்பத்து மூன்று நாளில் அதன்மேல், அது ஊறிய தண்ணீராகவே இருக்க வேண்டும் என்ற புது வழக்கமும் ஏறியிருந்தது.

"பானையிலேர்ந்து ஊத்திக்கலாம் தாயி."

"ஊத்துன தண்ணிக்கும் ஊறுன தண்ணிக்கும் வித்தியாசம் சம்பந்திக்காரவுகளுக்குத் தெரியாதா? நாக்குல வச்சா சொல்லிப்புடுவாக. காஞ்ச பாத்திரத்துல தண்ணி ஊத்தியாந்தா, இனாமா வாங்கியாந்தது, எவனோ பரிதாபப்பட்டுக் குடுத்ததுன்னு எம் மகளைக் காலத்துக்கும் குத்துவாக. நான் கேட்டு வந்தது பாத்திரம். பிச்சை இல்ல."

"அதிகமாக் குடுக்க உன்கிட்ட எங்க இருக்கு?"

"இருக்கு. கரி வியாபாரி எங்கிட்ட மூட்டையை முன்னூத்தம்பதுக்கு எடுத்து அறுநூறுக்கு விப்பாரு. இப்ப அவரு விக்கிற மூட்டையெல்லாம் நனைஞ்சு போகுது, ஓட்டல்காரவுக அடுப்பு பத்தலைன்னு திருப்பி அனுப்புறாக. நனைவு கொறையணும்னா எங்களுக்குக் கூட்டிக் குடுக்கணும். மூட்டைக்கு நூறு கூட்டியிருக்காரு. மனசு வந்து இல்ல, ஈரம் தாங்காம." அவள் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க அண்ணாச்சி. இந்தக் கடை தொறந்திருக்கணும்னா இருபத்தொண்ணுல எத்தனை டம்ளர் ஊறணும்?"

யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. அவரும் தன்னிடம் அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. விலை என்பது எவ்வளவு வாங்க முடியுமோ அவ்வளவு என்றே இருந்தவர், எவ்வளவு வேண்டும் என்று முதல் தடவையாக விரல் மடக்கினார். வெகுநேரம் மடக்கினார். காதர் மைதீனின் உளிச் சத்தம் நின்றிருந்தது.

"நூறு" என்றார்.

"ரெண்டாயிரம்" என்றாள் வினோதினி.

இருளாயி ஐந்நூறு ரூபாய்த் தாளாக நாலு எடுத்தாள். ஒரு தாளை வைத்தாள், பாத்திரங்களில் இருபத்தைந்து டம்ளர் ஏறியது. இன்னொரு தாளை வைத்தாள், ஐம்பது ஆனது. மூன்றாவது தாளில் சாம்பார் வாளித் தண்ணீரில் மேல்விட்டத்தின் நிழல் தெரிந்தது. நாலாவது தாளில் இருபத்தொரு பாத்திரமும் ஒருசேர அசைந்து அடங்கின, நூறும் நின்றது.

"இப்பப் பிரிங்க" என்றாள் இருளாயி. "எது எதுக்கு எம்புட்டுன்னு நான் பாக்கணும்."

தங்கபுஷ்பம் பெட்டிகளைப் பிரித்து நூறு டம்ளர்களைத் தரையில் பரப்பினாள். ஊற்றி முடித்ததும் தவசிலிங்கம் கல்லாவை விட்டு இறங்கி, முழங்கால் மடக்கி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நகர்த்தினார். வாடகைக்கு இருபத்தேழு. தங்கபுஷ்பத்தின் சம்பளத்துக்கு இருபத்து நாலு. அவள் அதை நின்றபடி ஒருமுறை தானும் எண்ணிக்கொண்டாள். பேங்கு வட்டிக்குப் பதினெட்டு. லாரிக்கும் ஏற்று இறக்குக்கும் பதினொன்று. நசுங்கியதற்கும் விற்காமல் தூங்கியதற்கும் எட்டு. கரண்டுக்கு ஐந்து. வாசலில் நின்றவர்கள் உதடு அசைத்துக் கூடவே கூட்டினார்கள். தொண்ணூற்று மூன்று.

"அதையெல்லாம் பாத்திரத்துல ஊத்துங்க. அது நான் குடுத்துப் போற தண்ணி" என்றாள் இருளாயி. "உங்களது இங்கேயே இருக்கட்டும்."

தொண்ணூற்று மூன்றும் பாத்திரங்களுக்குப் போயின. வண்டி வந்தது. ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏற்றினார்கள். மைத்துனரிடம் போய், கடை மூடவில்லை, சாவி கிடையாது என்று சொல்லிவரும்படி தவசிலிங்கம் வாசலில் நின்ற சோலையப்பனைக் கேட்டுக்கொண்டார். சோலையப்பன் வழியெல்லாம் குடம் விற்று, வழிந்தபடியே போனார். பிறகு தவசிலிங்கம் தனக்கானதைக் கல்லா மேசைமேல் எடுத்து வரிசையாக வைத்தார். ஏழு டம்ளர்.

படியிறங்கிய இருளாயி திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எண்ணினாள். கோபமில்லாமல், கேலியில்லாமல், கரி படிந்த முகத்தில் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டாள். தண்ணீர் ஊறியதற்குக்கூட அவள் இப்படி ஆச்சரியப்பட்டதில்லை.

"இம்புட்டுத்தானா அண்ணாச்சி? இந்த ஏழு டம்ளருக்கா முப்பத்தொரு வருசம் பொய் சொன்னீக?"

தவசிலிங்கம் வண்டி தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு டம்ளரை எடுத்து, நின்றபடியே, கடைசிச் சொட்டு வரை குடித்து, துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

மிச்சம் ஆறு.